மூன்றாம் கேமரா பார்த்தது

அவளுக்கு 'ஆணி' என்று பெயர் வைத்தவர் ஓர் ஒலிப்பதிவாளர். மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது சூறைக்காற்று கிளம்பி, கூரைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. மற்ற கேமராக்காரர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். தோளில் கேமராவோடு நின்ற இவள் மட்டும் தகரம் தரையில் போய் விழுகிறவரை படத்தை அதன் பின்னாலேயே கொண்டுபோனாள். "ஆணி அடிச்சு வச்ச மாதிரி நிக்கிறாங்கப்பா" என்றார் அவர். அன்றிலிருந்து சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவள் ஆணிதான்.

தோள்பட்டைதான் தாக்குப்பிடிக்கவில்லை. நாற்பதைத் தொடுவதற்குள் கையைத் தூக்கித் தலை சீவ முடியாத நிலை. நல்லவேளையாக அதே சமயத்தில் தொலைக்காட்சி நிறுவனம் மோட்டார் கேமராக்களை வாங்கியது. செய்தி அரங்கை நகரின் நடுவே ஓர் உயரமான கட்டடத்தின் உச்சி மாடிக்கு மாற்றினார்கள். கண்ணாடிச் சுவர் வழியாக ஊர் முழுவதும் பின்னணியாகத் தெரியும், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று. கேமராக்களை இயக்குகிற அறை மட்டும் பழைய இடத்திலேயே, ஊரின் இன்னொரு கோடியில், டயர்க் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. அங்கே உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைத் திருகினால் உச்சி மாடியில் கேமரா திரும்பும்.

"வீட்ல வீடியோ கேம் விளையாடுற பொண்ணத் திட்டுற. நீ அதையே செஞ்சு சம்பளம் வாங்குற" என்பான் அவள் கணவன். அவளும் சிரித்துக்கொள்வாள். தோள் வலி குறைந்தது, தலை சீவ முடிந்தது. வேறென்ன வேண்டும்.

அரங்கில் மூன்று கேமராக்கள். முதலாவது சக்கரம் வைத்த பீடத்தின் மேல், தரையில் பதித்த தண்டவாளத்தில் ஓடும். மற்ற இரண்டும் நின்ற இடத்தில் நின்று தலையை மட்டும் திருப்பும். ஒப்பனைக்காரப் பெண் வாசிப்பாளருக்குப் பவுடர் போட்டுவிட்டு வெளியே போனதும் கதவு சாத்தப்படும். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். எரிகிறவரை ஈ காக்கை உள்ளே நுழையக்கூடாது. தப்பித் தவறி நேரலையின் நடுவே நுழைந்த ஒருவருக்கு வேலையே போனது.

அந்த அரங்கில் தனியாக உட்கார்ந்திருப்பவர் வெண்கலம். குரலுக்காக வந்த பெயர். நரைத்த மீசையை மைபோட்டுக் கறுப்பாக்கிக்கொண்டு, மேசைக்கு மேலே கோட்டும் கீழே செருப்புமாக இருபது வருடமாகச் செய்தி வாசிக்கிறவர். அவருடைய சட்டை மைக் எப்போதும் திறந்திருக்கும். அவர் பேசுவது ஆணியின் காதில் விழும். அவர் காதில் பேசும் உரிமை, ஆணியின் பக்கத்தில் உட்காரும் நேரலை இயக்குநருக்கு மட்டும்தான். அதனால் விளம்பர இடைவேளைகளில் வெண்கலம் கேள்வி கேட்பார், ஆணி கேமராவால் பதில் சொல்வாள்.

"அந்தப் பக்கம் யாரு, ஆணியம்மாவா?"

மூன்றாம் கேமரா மேலும் கீழும் தலையாட்டும்.

"சாப்பிட்டாச்சா?"

இடமும் வலமும் ஆடும்.

"எனக்கும் இல்ல. செய்தி வேணா தரேன், கடிச்சுக்கோங்க."

இத்தனை வருடத்தில் நேருக்கு நேர் பார்த்தது நாலைந்து தடவை இருந்தால் அதிகம். ஆனால் அவர் முகத்தில் எந்த ரோமம் எந்தப் பக்கம் சாயும் என்பது அவர் மனைவியைவிட இவளுக்கு நன்றாகத் தெரியும்.

தேர்தல் முடிந்து வாக்கு எண்ணிக்கைக்குக் காத்திருந்த நாட்கள் அவை. வெண்கலத்துக்குத் தலைக்கு மேல் வேலை. ஒருநாள் காலைச் செய்தியில் இரண்டாம் கேமரா ஒளிபரப்பில் இருந்தது. அடுத்த காட்சிக்குத் தயாராக, மூன்றாம் கேமராவை ஆணி அவருடைய இடது கன்னத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தாள். உதட்டின் இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல. அடுத்த வார்த்தை குழைந்து வந்தது. காகிதத்தைப் பிடித்திருந்த இடது கை விரல்கள் தாமாக விரிந்தன. காகிதம் நழுவி மடியில் விழுந்தது. வெண்கலம் அதைக் குனிந்து பார்த்தார், வேறொருவர் கையைப் பார்ப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. உதடு ஏறியது, குரல் திரும்பியது. செய்தி முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஊருக்கு ஒரு வார்த்தை தடுமாறியது மட்டும்தான் தெரியும்.

வேலை முடிந்ததும் ஆணி நேராக வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவளுடைய நாத்தனார் வந்திருந்தாள். மருத்துவமனை அவசரப் பிரிவில் நர்ஸ். காய் நறுக்கிக்கொண்டே ஆணி சொன்னதைக் கேட்டவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எவ்ளோ நேரம் இருந்துச்சு அண்ணி?"

"கொஞ்ச நேரந்தான். தானா சரியாயிடுச்சு."

"சரியாயிடுச்சுன்னு விட்டாத்தான் ஆபத்து. அது பக்கவாதத்துக்கு முன்னாடி வந்து கதவத் தட்டிட்டுப் போறது. இன்னிக்கே டாக்டர்ட்ட போகச் சொல்லுங்க. நாளைக்குன்னுகூட வேணாம்."

"நான் யாரு அவருக்குச் சொல்ல?"

"நீங்கதான பாத்தீங்க" என்றாள் நாத்தனார்.

மறுநாள் ஆணி நேரலை இயக்குநரைத் தனியாகப் பிடித்தாள். அவன் அவளைவிடப் பத்து வயது சின்னவன். அக்கா அக்கா என்று சுற்றி வருகிறவன். கேட்டுவிட்டுப் பிடரியைச் சொறிந்தான்.

"தூக்கமில்லாம வாசிக்கிறாருக்கா. எனக்கே நாக்கு குழறுது. எண்ணிக்கை முடியட்டும், மேல சொல்றேன்."

"முடியறவரைக்கும் தாங்குமா தம்பி?"

"இப்ப போயி அவருக்கு உடம்பு சரியில்லன்னா, அவரையும் மாத்திடுவாங்க, என்னையும் மாத்திடுவாங்க."

அவனிடம் பேசிப் பலனில்லை என்று தெரிந்தது. ஆனால் அன்றைய இடைவேளையில் வெண்கலமே ஆரம்பித்தார். மூன்றாம் கேமரா தன் இடது கன்னத்தை விட்டு அகலாததை அவர் கவனித்திருந்தார். மைக்கைக் கையால் பாதி மூடிக்கொண்டு, லென்ஸைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நேத்து பாத்தீங்களா?"

கேமரா தலையாட்டியது.

"வேற யாருக்காச்சும் தெரியுமா?"

ஆணி ஜாய்ஸ்டிக்கில் கை வைத்தபடி தயங்கினாள். பிறகு இடமும் வலமும் ஆட்டினாள். பொய்தான். இயக்குநரிடம் சொன்னதை எப்படிச் சொல்வது?

"நல்லது. எண்ணிக்கை முடிஞ்ச கையோட டாக்டரப் பாக்குறேன், நேரம் வாங்கிட்டேன். அதுவரைக்கும் அந்தப் பக்கம் கிட்டக்க வராதீங்கம்மா. என் பொழப்பே இந்த முகந்தான்."

மூன்றாம் கேமரா அசையாமல் நின்றது. அவர் காத்திருந்தார். விளம்பரம் முடிய இருந்தது. கடைசியில் அது ஒருமுறை, மெதுவாக, தலையைத் தாழ்த்தியது.

அன்று சாயங்காலம் மனம் கேட்காமல் அவருடைய கைப்பேசிக்குக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. 'உடனே டாக்டரப் பாருங்க சார், காத்திருக்காதீங்க' என்று செய்தி அனுப்பினாள். கும்பிடுகிற இரண்டு கைகள் மட்டும் பதிலாக வந்தன.

எண்ணிக்கை நாள். காலையிலிருந்தே அறையில் காபி வாசனையும் வியர்வை நெடியும். ஆணி சொன்ன சொல் தவறாமல் வலது பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கத்தைத் தனக்காக மட்டும், சின்னத் திரையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அது குற்றவாளியைக் காவல் காப்பதுபோல இருந்தது. காவல் காப்பது தானா, குற்றவாளி தானா என்று நடுவில் ஒருமுறை தோன்றி மறைந்தது.

மதியம் தாண்டியது. எண்ணும் மையத்திலிருந்து நிருபர் ஒருவர் நேரலையில் பேச ஆரம்பித்தார். ஒளிபரப்பில் அவர் முகம். அரங்கு இருட்டு மூலைபோல ஆணியின் திரைகளில் மட்டும் இருந்தது. அப்போது வெண்கலத்தின் இடது கை மேசை விளிம்பிலிருந்து சரிந்து தொங்கியது. வாய் கோணியது. எதையோ சொன்னார். இருபது வருடமாக ஊரை எழுப்பிய குரல், வாயில் துணி வைத்து அடைத்ததுபோல வந்தது. பிறகு நாற்காலியோடு சாய்ந்து மேசைக்குப் பின்னால் மறைந்தார்.

"தம்பி, விழுந்துட்டாரு" என்றாள் ஆணி.

அறையில் இருந்த ஒலிப்பதிவாளர் ஆம்புலன்ஸுக்கு அழைத்தார். இயக்குநர் உச்சி மாடிக் காவலாளிக்குப் போன் அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தான். "எடுக்கமாட்டேங்குறான்" என்றான். ஆம்புலன்ஸ் வரும். ஆனால் அது வருகிறவரை அந்த மாடியில் அவர் பக்கத்தில் ஒரு மனிதர் வேண்டும்.

ஆணி முதல் கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பினாள். கதவில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி. அதற்கு அப்பால், நடைபாதையில், ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு தரை துடைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே போகாத கண்ணாடி. சிவப்பு விளக்கு எரிகிறவரை அரங்கின் ஒலிபெருக்கியும் ஊமை. துடைக்கிறவள் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் நகர்ந்தாள்.

ஆணி கேமராவைத் தண்டவாளத்தில் முழு வேகத்தில் கதவை நோக்கி ஓட்டினாள். கதவுக்கு ஒரு முழம் இருக்கையில் பீடம் தானே நின்றது. எதிரே ஏதாவது இருந்தால் மோதாமல் நிறுத்துகிற காப்புச் சாதனம் வேலை செய்தது. ஆணி தன் மேசையில் இருந்த அதன் சாவியைத் திருப்பி அணைத்தாள்.

"அக்கா, லென்ஸ் போயிரும்."

"போகட்டும்."

பின்னால் கொண்டுபோய் மறுபடி ஓட்டினாள். முதல் மோதலில் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டாவதில் விரிசல் விட்டது. திரையில் படம் மூளியானது. துடைக்கிறவள் திரும்பினாள். கதவருகே வந்து குனிந்து பார்த்தாள். கேமரா மேசைப் பக்கம் திரும்பியது, அவள் பக்கம் திரும்பியது, மறுபடி மேசைப் பக்கம் திரும்பியது. அவள் எட்டிப் பார்த்தாள். தரையில் நீட்டிக்கொண்டிருந்த செருப்புக் கால் கண்ணில் பட்டிருக்க வேண்டும்; வாயில் கை வைத்தாள். ஆனால் கதவைத் தொடவில்லை. விரலை உயர்த்தி மேலே காட்டினாள். சிவப்பு விளக்கு.

"விளக்க அணை தம்பி" என்றாள் ஆணி.

நிருபர் முடிக்கப்போகிறார். விளக்கை அணைத்தால் அரங்கின் ஒளிபரப்புத் தொடர்பு அறுந்துவிடும். பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. முடிவுகள் வந்துகொண்டிருக்கிற நேரத்தில் ஊர் முழுக்கக் கறுப்புத் திரையைப் பார்க்கும். இயக்குநரின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஆணி எட்டி அவன் கையோடு சேர்த்து அழுத்தினாள்.

கதவு திறந்தது. ஆணி ஒலிபெருக்கியில் பேசினாள். "அம்மா, பயப்படாதீங்க. அவர ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. தண்ணி குடுக்காதீங்க. கழுத்துப் பட்டிய தளர்த்தி விடுங்க. பக்கத்துலயே இருங்க." அந்தப் பெண் கூரையைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். வெண்கலத்தின் தலையைத் தன் மடியில் சாய்த்து, துடைக்கும் துணியை எட்டத் தள்ளிவிட்டு, அவர் நெற்றியைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். மீசை மை அதில் ஒட்டியது.

உயிர் தப்பியது. இடது கையும் பேச்சும் தப்பவில்லை. உடல்நலக் குறைவால் ஓய்வில் இருக்கிறார் என்று நிறுவனம் ஒரு வரி வாசிக்கச் சொல்லி முடித்துக்கொண்டது. விசாரணையில் கேட்டதெல்லாம் காப்புச் சாதனத்தை அணைத்தது யார் என்பதுதான். "நான்தான்" என்றாள் ஆணி. அதற்குமேல் அவர்கள் தோண்டவில்லை. தோண்டினால் அரங்கில் ஏன் ஆளில்லை என்ற இடத்தில் போய் முட்டும்.

மருத்துவமனையில் வெண்கலத்தின் மனைவி அவளை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"தினமும் அவரக் கிட்டக்கப் பாத்தது நீங்கதானம்மா. முன்னாடியே ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

வெண்கலம் கேட்டுக்கொண்டதை ஆணி சொல்லவில்லை. சொன்னால் பழி படுக்கையில் கிடப்பவர்மேல் விழும். அந்த அம்மாள் திட்டவில்லை, அழவும் இல்லை. ஆணியின் கையைப் பிடித்தார். பிடித்தது ஏனென்று தெரியாதவர்போல உடனே விட்டுவிட்டு உள்ளே போனார்.

அரங்கில் ஓர் ஆளை நிறுத்துங்கள் என்று ஆணி மேலே கேட்டாள். யோசிக்கிறோம் என்றார்கள். யோசித்து, முகத்தைத் தானே கண்டுபிடித்துத் தொடர்ந்து திரும்புகிற மென்பொருள் ஒன்றை வாங்கினார்கள். இனி ஓர் அரங்குக்கு ஒரு கேமராக்காரர் தேவையில்லை. இன்னொரு கட்டடத்தில் திறந்த இரண்டாவது அரங்கையும் அவளிடமே கொடுத்தார்கள். இயக்குநர் அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னான், "உங்களுக்கும் வேல லேசுதானக்கா."

இப்போது அவள் முன்னால் இரண்டு வரிசைத் திரைகள். வலப்பக்கம் புதிதாக வந்த இளம்பெண் செய்தி வாசிக்கிறாள். இடப்பக்கம் ஒரு வானிலைக்காரர் மழை வரும் என்கிறார். முகம் எங்கே போகிறதோ அங்கே கேமராக்கள் தாமாகப் போகின்றன. ஆணி ஒரு பக்கம் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடரி குறுகுறுக்கிறது. சட்டென்று மறுபக்கம் திரும்புகிறாள்.