தலைவர் கேட்டவை

இணையத்திலிருந்து இறக்கும் பாட்டுகள் ஒழுங்கான பெயரோடு வருவதில்லை. ஒன்றில் வெறுமனே 'ஐந்தாம் பாட்டு' என்று இருக்கும். இன்னொன்றின் முன்னால் ஏதோ ஒரு வலைத்தளத்தின் விளம்பரம் நீளமாக ஒட்டியிருக்கும். வேறொன்றில் படத்தின் பெயர் சரியாக இருக்கும், திறந்தால் வேறு பாட்டு பாடும். யுத்தம் மறுபடி மூண்ட அந்த வருடங்களில் கண்டி டவுனில், சனம் டெலிபோன் பேசவும் பாட்டுப் பதியவும் வரும் ஒரு கொமியூனிகேஷன் கடையில், இவற்றுக்கெல்லாம் சரியான பெயர் வைப்பதுதான் என் வேலை.

எங்கெங்கோ இருப்பவர்களின் கம்பியூட்டரில் உள்ள பாட்டை நாங்களும், எங்களிடம் உள்ளதை அவர்களும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று கடையில் இருந்தது. இணைப்பு படு மெதுவானது. ஒரு பாட்டு இறங்க அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கும். இறங்கி முடியுமுன் அவசரப்பட்டுப் பெயரை மாற்றினால் மென்பொருள் அந்தப் பாட்டைத் தொலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். அதனால் பொறுமையாகக் காத்திருந்து, முழுப் பாட்டையும் கேட்டு, படம், பாடியவர், முதல் வரி என்று எழுதுவேன். தமிழ் எழுத்தில்தான் எழுதுவேன். அந்தக் கம்பியூட்டரில் தமிழை வர வைக்க ஒரு கிழமை மல்லுக்கட்டியிருக்கிறேன். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்த எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

பாட்டுக் கேட்டு வருபவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். 'கலஹா டீச்சர்.' 'வத்தேகம சலூன் அண்ணன்.' எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார், பெரும்பாலும் முருகன் பாட்டுகள், கொஞ்சம் பழைய சினிமாப் பாட்டுகள். அவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆகவே அந்த ஃபோல்டருக்கு 'தலைவர் கேட்டவை' என்று பெயர் வைத்தேன். பட்டியலை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் தந்தது கடை முதலாளிதான். தந்தபோது, "தலைவருக்கு முதல்ல செஞ்சு குடுங்க தங்கச்சி, நமக்கு வேண்டியவர்" என்றும் சொன்னார்.

முதலாளி கண்டி டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பது வயதிருக்கும். கெட்ட மனிதர் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

ஒரு நாள் காலை பத்து மணி போல சீருடையில் இரண்டு பேரும் சாதாரண உடுப்பில் ஒருவரும் கடைக்கு வந்தார்கள். அந்த நாட்களில் டெலிபோன், கம்பியூட்டர் உள்ள தமிழ்க் கடைகளைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். சாதாரண உடுப்பில் வந்தவர் எங்கேயோ கொஞ்சம் தமிழ் எழுத்துப் படித்திருந்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார். "த... லை... வர்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மே தலைவர் கியன்னே கவுத?"

இந்தத் தலைவர் யார் என்று கேட்கிறார். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் பொலிஸ்காரர்களின் மனதில் ஒரே ஒரு ஆள்தான் வந்து நிற்பார். எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர், பாட்டுக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் முதலாளியிடம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார்.

முதலாளி என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"மம தன்னே நே சேர்" என்றார். எனக்குத் தெரியாது. அத்தோடு நிறுத்தவில்லை. கம்பியூட்டரில் எல்லாம் செய்வது அந்தப் பிள்ளைதான், தோட்டப் பக்கமிருந்து வருகிறது, என்னத்தைப் போடுகிறது என்று தான் பார்ப்பதில்லை என்று முழுவதையும் நல்ல சிங்களத்தில் சொல்லி முடித்தார்.

என்னையும் கம்பியூட்டரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலையத்தில் சுவரோரமாக ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மாறி மாறி வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். யாரும் அடிக்கவில்லை. ஆனால் ஒருவர் என் அடையாள அட்டையைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டே, இனி இது உனக்குத் தேவைப்படாது என்று சிரித்தார். மதியம் தாண்டியது. எங்கள் கடைக்குப் பக்கத்துத் தையல் கடை அக்கா தோட்ட ஆபீசுக்கு போன் பண்ணியிருக்கிறார். மூன்று மணி போல வெள்ளை வேட்டியும் கோட்டுமாக ஒருவர் தோட்டத்துரையின் கடிதத்தோடு உள்ளே வந்தார்.

"மமய் தலைவர்" என்றார், கைகளைக் கூப்பிக்கொண்டு. நான்தான் தலைவர்.

ஒருவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனாலும் விடவில்லை. கம்பியூட்டரை இணைத்து ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் கேட்டார்கள். கைகட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த தலைவர், நாலாவது பாட்டு வந்ததும் என் பக்கம் குனிந்து, "இது நான் கேட்டது இல்லயேம்மா" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதை மென்பொருள் தவறான பெயரில் தந்திருந்தது, நானும் கவனிக்கத் தவறியிருந்தேன்.

சாயங்காலம் என்னையும் கம்பியூட்டரையும் விட்டார்கள். என் பெயரையும் விலாசத்தையும் ஒரு பெரிய புத்தகத்தில் எழுதிக்கொண்டு விட்டார்கள். அந்தப் புத்தகம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் மறுநாள் நான் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். இரண்டு தடவை லயத்துக்கே வந்து விசாரித்தார்கள். என்னோடு ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போன பிள்ளைகளை அவர்களது வீடுகளில் முந்தின பஸ்ஸில் அனுப்பத் தொடங்கினார்கள். அம்மா பீலியடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நின்றுபோகும்.

பொலிஸ் விட்டு ஒரு கிழமை கழித்துக் கடைக்குப் போனேன். வேறு வழி இருக்கவில்லை.

"மனசுல வச்சுக்காதீங்க தங்கச்சி. எனக்குக் குடும்பம் இருக்கு" என்றார் முதலாளி. "முதல் வேலையா அந்தப் பேரெல்லாம் மாத்திடுங்க. ஒரு தமிழ் எழுத்து இருக்கக் கூடாது."

"சரிங்க" என்றேன்.

அந்த நிமிடத்தில்தான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. அவர் சொன்னதை அப்படியே செய்தேன். முதல் பாட்டை 0001 ஆக்கினேன். அடுத்ததை 0002 என்று வைக்காமல் வேறெங்கோ இருந்த ஒன்றுக்கு அந்த இலக்கத்தை வைத்தேன். படம், பாடகர், வாடிக்கையாளர் எதுவும் சேர்ந்து நிற்காதபடி எல்லா ஃபோல்டரையும் கலைத்து ஒன்றாக்கினேன். பாட்டுக்கு உள்ளேயும் பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். அதையும் ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தேன். மென்பொருளின் பழைய பட்டியலையும் துடைத்தேன். எந்த இலக்கம் எந்தப் பாட்டு என்பதை மட்டும் கொப்பியில் எழுதினேன். ஆறாயிரத்துக்கு மேல் பாட்டுகள். இரண்டரை மாதம் பிடித்தது, ஐந்து கொப்பிகள் முடிந்தன. கை வலித்த நாட்களில் பொலிஸ் நிலையத்து வாங்கை நினைத்துக்கொள்வேன், வலி போய்விடும்.

முதலாளிக்குச் சந்தோஷம். "இதுதான் சரி. இனி எந்தப் பொலிஸ்காரனுக்கும் ஒண்ணும் விளங்காது" என்று என் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார். யாராவது வந்து பாட்டுக் கேட்டால் நான் கொப்பியைப் புரட்டி ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கொப்பி என் பையில் வீட்டுக்குப் போவதை மட்டும் பார்க்கவில்லை. தலைவரின் பாட்டுகளை ஒரு சீடியில் போட்டு, சரியான நாலாவது பாட்டோடு, அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வேலைக்குப் போவதை நிறுத்தினேன். வருடத்திலேயே கடையில் நெரிசல் கூடிய நாட்கள் அவை.

மூன்றாம் நாள் முதலாளி லயத்துக்கு வந்தார். மழையில் நனைந்திருந்தார். அப்பா கதிரை போட்டுக் கொடுத்தார். நான் தேத்தண்ணீர் கொடுக்கவில்லை.

"தங்கச்சி, கொப்பி எங்க? கடையில சனம் நின்னுக்கிட்டு ஏசுறாங்க."

"நீங்கதானே சொன்னீங்க, ஒரு தமிழ் எழுத்து இருக்கக் கூடாதுன்னு. கொப்பி பூரா தமிழ்லதான் எழுதியிருந்துச்சு. எரிச்சுட்டேன்."

கொப்பிகள் அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இரண்டடி தூரத்தில் அரிசிப் பெட்டிக்குள் இருந்தன.

"அப்ப எந்த நம்பர்ல என்ன பாட்டு இருக்குன்னாவது..."

"மம தன்னே நே" என்றேன்.

அவர் முகம் கறுத்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன். அவர் போன பிறகு அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. அந்தத் தீபாவளிக்கு நான் சாப்பிட்ட மாதிரி என்றும் சாப்பிட்டதில்லை.

தை மாதத்தில் இன்னொருவர் லயத்துக்கு ஏறி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து ஓய்வுபெற்று, கடுகண்ணாவையிலேயே தங்கிவிட்ட பெரியவர். மூச்சு வாங்கியது.

"பிள்ளை, போன வருசம் உங்கட கடையில ஒரு கசற் தந்தனான், கம்பியூட்டரில ஏத்தச் சொல்லி. ஞாபகம் கிடக்கே?"

ஞாபகம் இருந்தது. அவருடைய மனைவி கனடாவிலுள்ள மகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பும் கசற்றுகளில் கடைசி ஒன்று, அனுப்பாமல் நின்றுபோனது. அதில் அந்த அம்மா, உன் அப்பா குளிருக்கு ஸ்வெட்டர் போட மாட்டேனென்கிறார் என்று மகளிடம் முறைப்பாடு சொல்வார்.

"கசற் நாடா சிக்கிப் பிஞ்சு போச்சு. கடைக்காரர் சொல்லுறார், ஆறாயிரத்துக்குள்ள எங்க தேடுறதெண்டு. வாற மாசம் அவவின்ர ஆண்டுத் திவசம். மகள் கேக்கிறாள்."

அந்த அம்மாவின் குரலையும் நானே ஒரு இலக்கமாக்கியிருந்தேன். வைத்தபோது ஒரு கணம்கூட நிற்கவில்லை. என் கோபத்தில் அவரும் அகப்படுவார் என்று நான் யோசித்திருக்கவேயில்லை.

"ஐயா, இருங்க. நானும் வாறேன்" என்று உள்ளே போய், கொப்பியில் தேடி, ஒரேயொரு இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

பெரியவரோடு நான் கடைக்குள் நுழைந்ததும் முதலாளி எழுந்து நின்றார். நான் அவரோடு பேசாமல் கம்பியூட்டரில் உட்கார்ந்து, அந்த இலக்கத்தைத் திறந்தேன். அந்த அம்மாவின் குரல் வந்தது. பெரியவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு சீடிகளில் எழுதிக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிவிட்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

"அப்ப கொப்பி இருக்கு" என்றார் முதலாளி மெதுவாக. "என்ன வேணும்னு சொல்லுங்க தங்கச்சி. எதுன்னாலும் செய்றேன்."

"பொலிசுக்கு வாங்க. அந்தத் தலைவர் யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும், பயத்துல பொய் சொன்னேன்னு சொல்லுங்க. என் பேர வெட்டச் சொல்லுங்க. வெட்டின அன்னைக்கே அஞ்சு கொப்பியும் உங்க மேசையில இருக்கும்."

அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அது மட்டும் முடியாது."

"அப்படின்னா இதுவும் முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவர் வேறு ஒரு பெண்ணை வைத்துப் பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் போடப் பார்த்ததாகத் தையல் கடை அக்கா சொன்னார். அந்தப் பெண் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. வருட முடிவில் கடையில் பாட்டு வியாபாரம் இல்லை, டெலிபோன் மட்டும்தான். பிறகு அதுவும் போய், பை விற்கும் கடையாகியது. நான் பேராதனையில் ஒரு அச்சகத்தில் தட்டெழுத்து வேலை எடுத்தேன். யுத்தம் முடிந்து ஒரு வருடம் வரை கையெழுத்து வைத்துக்கொண்டுதான் இருந்தேன். என் பெயரை யாரும் வெட்டவில்லை, அந்தப் பழக்கம் தானாக நின்றது.

அவரை இப்போதும் எப்போதாவது டவுனில் காண்கிறேன். தலை நரைத்துவிட்டது. "எப்படி இருக்கீங்க தங்கச்சி?" என்று அவராகவே கேட்பார். நான் பதில் சொல்வதில்லை. பயத்தில் செய்தார் என்று எனக்குத் தெரியும். நானும்தான் அன்று பயந்திருந்தேன்.