தாத்தாவின் முதல் பஸ்

எங்கள் குடும்பம் முழுவதும் ஒரே பஸ்ஸில் ஏறியதில்லை. கொழும்பில் எந்த பஸ்ஸில் எப்போது குண்டு வெடிக்கும் என்று தெரியாத காலம் அது. அதனால் தாத்தா ஒரு சட்டம் போட்டிருந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கே போனாலும் முதல் பஸ்ஸில் அவர் தனியாகப் போவார். அடுத்ததில் அப்பாவும் நானும். அதற்கும் அடுத்ததில் அம்மாவும் தம்பியும். போய்ச் சேருமிடத்தில் கடைசி பஸ் வரும்வரை தாத்தா பஸ் நிற்கும் ஹோல்டிலேயே காத்து நிற்பார்.

அவர் பழக்கமே அப்படி. தூத்துக்குடியிலிருந்து முதலில் தனியாகத் தோணியேறி வந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, இந்த ஊரில் பிழைத்துக்கொள்ளலாம் என்று நிச்சயமான பிறகுதான் பாட்டியையும் கைக்குழந்தையான அப்பாவையும் வரவழைத்தாராம். பாட்டி சீக்கிரமே கண்ணை மூடிவிட, அப்பாவையும் அத்தையையும் தனியாளாக வளர்த்தார்.

எனக்கு இந்தச் சட்டத்தைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருந்தது. விசேஷ வீட்டுக்கு முதலில் போகிறவருக்குத்தான் மீன் அடைத்துப் பொரித்த பெட்டிஸ் சூடாகக் கிடைக்கும். தாத்தாவுக்கோ பெட்டிஸ் என்றால் உயிர். தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஹோல்டுக்குத் திரும்பி வந்து நிற்கிறார் என்று நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

வத்தளையில் அத்தை வீட்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம். அன்று எனக்கும் சூடான பெட்டிஸ் வேண்டியிருந்தது. தாத்தா முன்கதவால் ஏறினார். அப்பா தெரிந்தவர் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் அதே பஸ்ஸில் பின்கதவால் ஏறி, ஒரு தடித்த மனிதரின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

களனிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்க விட்டார்கள். அங்கேதான் தாத்தா என்னைக் கண்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஏ புள்ள, நீ எப்படி இதுல வந்த? ஒங்கப்பன் ஒன்னயத் தேடி அங்க ஓடுவானே! ஓடுனா புடிச்சிருவாங்களே!"

துப்பாக்கியோடு ஆமிக்காரர் நிறைந்த தெருவில் ஒரு தமிழ் ஆம்பிளை அங்குமிங்கும் ஓடினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பாலத்தைக் கடந்ததும் அவர் பஸ்ஸில் ஏறவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தபடி வெயிலில் நின்றார். பிடித்த இடம் வலித்தது. பாலத்தைக் கடந்து, ஆட்களை மறுபடி ஏற்றிக்கொண்டு வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னல் ஜன்னலாகத் தேடினார். புனித அந்தோனியாரைக் கூப்பிட்டு வேண்டினார். பஸ்கள் வந்தன, அப்பா வரவில்லை. எனக்கும் பயம் பிடித்து அழத் தொடங்கினேன்.

கடைசியில் ஒரு பஸ்ஸிலிருந்து அம்மாவின் அலறல் கேட்டது. பின்னாலேயே சட்டை தெப்பமாக நனைந்த அப்பாவும் தம்பியும் இறங்கினார்கள். அப்பாவை உண்மையிலேயே பிடித்து வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டையைக் காட்டி, அம்மா அழுது கும்பிட்ட பிறகுதான் விட்டார்களாம்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் வந்ததைத் தாத்தா கவனித்தார். அம்மாவும் தம்பியும் இங்கேயே நிற்கட்டும், அடுத்ததில் வரலாம் என்றார். அம்மா யாழ்ப்பாணத்துக்காரி, மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள். என்னை இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"இனிப் பிரிச்சு ஏத்தாதேங்கோ மாமா. செத்தாலும் எல்லாரும் ஒண்டாச் சாவம்."

தாத்தா தம்பியைத் தானே தூக்கி உள்ளே விட்டார். எங்கள் எல்லோரையும் ஏற்றினார். கொண்டக்டர் கூப்பிட்டும் அவர் மட்டும் ஏறவில்லை. பின் கண்ணாடியால் பார்த்தேன். நடுத்தெருவுக்கு இறங்கி வந்து, பஸ்ஸை விட்டுக் கண் எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

என்னோடு கோபம் என்று நினைத்தேன். இருக்காதா? என்னால் அவருடைய முதல் பஸ் போய்விட்டது, பெட்டிஸும் ஆறிவிடும். அத்தை வீட்டில் ஒரு பெட்டிஸை முகம் துடைக்கும் கைலேஞ்சியில் சுற்றி ஒளித்து வைத்தேன்.

அடுத்த பஸ்ஸில் வந்த தாத்தா, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அப்பாவின் தோளையும் தம்பியின் தலையையும் தொட்டார். அம்மாவை ஒரு முறை பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தடவினார். நான் கைலேஞ்சியை அவிழ்த்து நசுங்கிய பெட்டிஸை நீட்டினேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையில் தாத்தா விம்மி அழுதார்.

ஒரு பெட்டிஸுக்கா இப்படி அழுகிறார் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.