ப்ளடி மேரிக்குத் தாளிப்பு

என் மனைவிக்குக் குடிகாரர்களைக் கண்டாலே ஆகாது. கல்யாண வீட்டில் யாராவது லேசாகத் தள்ளாடினாலும் பந்தியை விட்டு எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில், வோட்காவோடு மல்லுக்கட்டினாள். யாரும் நம்ப மாட்டார்கள். தக்காளி நறுக்கிக் கொடுத்தவன் என்பதால் நான் நம்பித்தான் ஆகவேண்டும்.

எல்லாம் அவள் அண்ணனுக்காக. என் மச்சானுக்குச் சுற்றுலாக் கப்பலில் காக்டெயில் கலந்து கொடுக்கும் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில். பாப்பா என்று கூப்பிடும் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவையே போனில்தான் பார்த்தார். இப்போது புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை தேர்வு. பழைய காக்டெயில் ஒன்றைத் தன் கைவண்ணத்தில் மாற்றிக் காட்டவேண்டும். வேலை கிடைக்காவிட்டால் அந்த வாரமே மறுபடியும் கப்பல். பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. விழுப்புரத்தில் அவர் வீட்டில் என் மாமியார் இருப்பதால் பாட்டிலைத் திறக்க வழியில்லை. அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டார்.

அவர் எடுத்துக்கொண்டது ப்ளடி மேரி. தக்காளிச் சாறு, வோட்கா, எலுமிச்சை, மிளகுத்தூள். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சாஸ் பாட்டிலைக் கழுவி ஊற்றிய மாதிரி இருந்தது.

எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: “தக்காளி, மொளகு, புளிப்பு. இது ரசந்தானேண்ணா? இதுக்கா உன்னைக் கப்பல்ல வச்சிக்கினு இருந்தாங்க?”

சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் ரசம் பிரமாதமாக மணந்தது. ஆனால் பழக்கதோஷம், நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டிவிட்டாள். தாளிக்காத ரசம் அவள் கையில் அதுவரை பிறந்ததில்லை. ஐஸ் போட்டதும் நெய் வெள்ளைத் திட்டாக உறைந்து மிதந்தது. என் மீசையில் கடுகு ஒட்டிக்கொண்டது. மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை.

“வுடும்மா. கப்பலுக்கே போயிடறேன்” என்றார்.

“உக்காருண்ணா” என்றாள்.

இரண்டாம் முறை நெய்யும் இல்லை, கடுகும் இல்லை. மிளகு, சீரகம், கறிவேப்பிலை, துளி பெருங்காயம் எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுத்து இடித்தாள். தக்காளியையும் புளித்தண்ணீரையும் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். ஆறவைத்து வோட்காவைக் கலந்தார் மச்சான்.

உப்பு பார்க்கவேண்டும். நானும் மச்சானும் ஏற்கனவே ஏகப்பட்ட முறை குடித்து நாக்கு மரத்துப்போயிருந்தோம். அவளோ தொடமாட்டாள். ஆனால் அமாவாசைப் படையலுக்குச் சமைக்கும்போது எங்கள் வீட்டில் எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வழக்கமில்லை. சாமி கும்பிட்டுக் காக்காய்க்குச் சோறு வைத்த பிறகுதான் நாக்குக்கு வேலை. அதுவரை எல்லாம் மூக்குதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மூக்கை மட்டும் தம்ளருக்குக் காட்டினாள்.

“இன்னொரு சிட்டிகை போடு.”

போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குடித்துப் பார்த்தேன். முதலில் புளிப்பு, பிறகு மிளகு, கடைசியில் தொண்டையில் மெல்ல ஒரு சூடு. குடிக்கத் தெரிந்த எத்தனையோ பேரோடு உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒன்றை யாரும் எனக்குக் கலந்து கொடுத்ததில்லை. எனக்கு அவளை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் விழுப்புரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மச்சான் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“வேலை கெடச்சிட்டுதும்மா.”

“உப்பு?” என்றாள் இவள்.

“எல்லாம் சரியா இருந்துதாம். இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மொதல்ல அந்தப் பெட்டியப் பிரிச்சி வையிண்ணா” என்றாள்.

“காலையில நான் பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே பாப்பா பிரிச்சி வச்சிட்டாம்மா.”