மேலாண்ட நின்ற படகு

எண்ணூர் ஸ்டேஷனுக்குப் பின்புறம் ‘வெட்டு’ என்று ஒரு சிறிய கால்வாய் இருந்தது. பழவேற்காடு ஏரியிலிருந்து பெரிய கால்வாய் வழியாக வரும் பயணிகள் படகு இதற்குள் திரும்பி, ஸ்டேஷன் படிக்கட்டு வரை வரும். இறங்கியவர்கள் அப்படியே ரயிலேறலாம். அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் காலை அந்தப் படகில் என் மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து வருவதாக இருந்தது. அழைத்துப் போக ராயபுரத்திலிருந்து வந்திருந்தேன். குழந்தை பிறந்த சமயம் எனக்கு அம்மை வார்த்திருந்ததால் பழவேற்காட்டுக்குப் போக முடியவில்லை. மகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன்.

வெட்டில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. படிக்கட்டருகே வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தேன்.

“வத்தம் நைனா. போட்டு உள்ள வராது. சனம்லாம் மேலாண்ட எறங்கிகினு கீது.”

“மேலேயா?”

“மேலாண்டன்னா மேலாண்டதான். இன்னா, ஊருக்குப் புச்சா?”

மேலே என்றால் பிளாட்பாரம் என்று எடுத்துக்கொண்டேன். மேலாண்ட என்றால் மேற்குப் பக்கம். வெட்டு பெரிய கால்வாயைத் தொடும் இடத்தை அவர் சொல்லியிருக்கிறார். நான் பிறந்த ஊரிலும் மேலரத வீதி மேற்கேதான் இருக்கிறது. அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

பிளாட்பாரத்தில் அவளைக் காணோம். வண்டி வந்துவிட்டது. வெட்டுப் பக்கமிருந்து கூடைக்காரிகள் ஓடிவந்து ஏறினார்கள். பெண்கள் பெட்டிக்குள் ஒரு பச்சைப் புடவை நுழைந்தது. அவளா? கூப்பிட்டேன்; அதற்குள் கூட்டம் மறைத்துவிட்டது. விட்டால் போய்விடுவாளே என்று அடுத்த பெட்டியில் தொற்றிக்கொண்டேன்.

வண்டி நகர்ந்தபோது வெட்டின் கரையில் அவள் நடந்து வருவது தெரிந்தது. பின்னால் தலையில் டிரங்குப் பெட்டியோடு மாமனார். என்னைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக் காட்டி ஏதோ கத்தினாள். இறங்குங்கள் என்றாளா, போங்கள் என்றாளா? எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைத் துணி மட்டும்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கினேன். திரும்பிப் போனால் அவர்கள் எதிர் வண்டியில் என்னைக் கடந்துவிடுவார்கள். இங்கேயே நின்றால், அவர்கள் எனக்காக அங்கே காத்திருக்கலாம். எண்ணூர் போகும் வண்டி ஒன்று வந்தது. ஏறி, உடனே இறங்கினேன்.

பிறகு சென்னை வண்டி வந்தது. பெண்கள் பெட்டி வாசலில் அவள்.

“ஏறிடாதீங்க, நான் இறங்கறேன்! முதல்ல இவளைப் பிடிங்க!”

அடுத்த பெட்டியிலிருந்து மாமனார், “ஏறுங்க மாப்பிள்ளை!” என்றார்.

குழந்தை கைக்கு வந்ததும் வண்டி அசைந்தது. அதே பெட்டியில் ஏறிவிட்டேன்.

“யோவ், பொம்பளைங்க பொட்டி! கண்ணு தெரில?” என்றாள் ஒரு கூடைக்காரி.

“எங்க வீட்டுக்காரர்தான்,” என்றாள் மனைவி.

“அதுக்கு?”

ராயபுரம் வரை மகளை நான்தான் வைத்திருந்தேன். யார் ஜாடை என்று மனைவி கேட்டாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.