மஞ்சள் புள்ளி வைத்த பேட்

என் வீட்டுக்காரருக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறார். வருகிற பாகத்தையெல்லாம் கோணலா, கீறலா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, தேறினால் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். அந்தக் குணத்தைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் தேவலை. நான் தட்டிப் பார்த்து வாங்கிய தேங்காயைக்கூட வீட்டில் இன்னொரு முறை தட்டுவார்.

எங்கள் பிக்கப் வண்டியை என் தம்பி ஓட்டுகிறான். சூளகிரியில் காய்கறி ஏற்றி, மேலுமலை இறக்கத்தில் இறங்கி, கிருஷ்ணகிரி தாண்டி காவேரிப்பட்டினத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. அந்த இறக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் லாரிகளை பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். அதனால், முன்சக்கரத்துப் பிரேக் பேட் போட்ட வேகத்தில் தேய்ந்துவிடுகிறது என்று தெரிந்ததிலிருந்து, அவன் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்.

வீட்டுக்காரருக்கு முதல் சந்தேகம் மெக்கானிக் பாய் மேல். "டூப்ளிகேட்டப் போட்டுட்டு ஒரிஜினல்னு சொல்றாரு" என்றார். அடுத்த முறை பேட் செட்டைத் தாமே கடையில் வாங்கி, பின்பக்க இரும்புத் தகட்டில் மஞ்சள் புள்ளி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பாய் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். பேடைக் கவ்விப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கிப் பழைய பேடை உருவினார். பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதியதைப் பொருத்தினார். கடைசியில் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெடல் கெட்டியாகும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார்.

"இத மிதிக்காம எடுத்தா மொத பிரேக்கு புடிக்காதும்மா" என்று என்னிடம் சொன்னார். பிறகு புள்ளியைக் காட்டிச் சிரித்தார். "எம்மேல நம்பிக்கை இல்லயா சார்? பழசையும் கையோட எடுத்துக்கினு போங்க."

அந்த செட்டும் இரும்பு தெரியத் தேய்ந்து வந்தது. தகட்டில் அழுக்கைத் துடைத்ததும் மஞ்சள் புள்ளி தெரிந்தது. பாய் தப்பித்தார். சந்தேகம் தம்பி பக்கம் திரும்பியது.

அவன் மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு உண்டு. பேட் பேச்சு வருவதற்கு முன், வண்டி மைலேஜ் தரவில்லை என்ற பேச்சு இருந்தது. எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் டீசல் விலை குறைவு. அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உருவி விற்கிறான் என்று வீட்டுக்காரர் ஜாடையாகப் பேசினார். தினமும் கிலோமீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். கொஞ்ச நாளில் மைலேஜ் ஏறிவிட்டது. "பாத்தியா, கேள்வி கேட்டதும் திருட்டு நின்னுபோச்சு" என்றார். வாய் திறந்து சண்டை போட எனக்குத் தைரியம் வரவில்லை. ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல். துவைக்கப் போட்ட அவன் சட்டையை மோந்து பார்த்தேன். டீசல் வாசம் இல்லை, கொத்தமல்லி வாசம்தான் அடித்தது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

இப்போது வீட்டுக்காரர் வேறு கதை சொன்னார். "ஓவர் லோடு ஏத்தறான். வர்ற காச தனியா பாத்துக்கறான். அதான் பேட் திங்குது."

காவேரிப்பட்டினத்தில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு வந்தது. பஸ்ஸில் போகாமல் தம்பி வண்டியில் ஏறிக்கொண்டேன். வளைகாப்பு ஒரு சாக்கு. சூளகிரியில் லோடு ஏற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மூட்டை ஒன்றுகூட அதிகமில்லை.

மேலுமலை இறக்கம் ஆரம்பித்ததும் இன்ஜின் உறுமல் சட்டென்று அடங்கியது. தம்பியின் கை கியரிலிருந்து ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. பின்னால் இருந்த மூட்டைகள் வண்டியை நெட்டித் தள்ள, அவன் கால் பிரேக்கை விட்டு எழவே இல்லை. ஏதோ கருகும் நாற்றம் வந்தது. முன்னால் போன கன்டெய்னரின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"என்னடா பண்ற?"

"நியூட்ரல்ல வுட்டிருக்கன்க்கா. எறக்கம் எங்க வந்தாலும் இப்படித்தான். டீசல் மிச்சமாவும்."

"இம்மாம் பெரிய லோட பிரேக்கு மட்டுமே புடிச்சு நிறுத்தணுமாடா?"

"பேட் போனா மாத்திக்கலாம். மைலேஜ் கொறஞ்சா மாமா என்னத் திருடன்னு நெனைப்பாரேக்கா."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தன்னை யோக்கியன் என்று காட்ட இந்தப் பையன் தினம் தினம் உயிரைப் பணயம் வைத்து இறங்கிக்கொண்டிருக்கிறான்.

"கியர்ல போடு."

"மாமா..."

"மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். போடுடா!"

போட்டான். இன்ஜின் மறுபடி உறுமியது. வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்ததுபோல் நிதானப்பட்டது.

இரவுச் சாப்பாட்டில் நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்காவும் தம்பியும் வழியிலயே பேசி வெச்சிக்கினு வந்தீங்களா?"

வண்டிச் சாவியை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "நாளைக்கு லோடு நீங்க எடுத்துக்கினு போங்க. அதே எறக்கத்துல நியூட்ரல்ல வுட்டு மைலேஜ் எடுத்துக் காட்டுங்க."

சாப்பிட்டுக் கை கழுவும்வரை சாவி அங்கேயே கிடந்தது. அவர் தொடவில்லை. அதற்குப் பிறகு கிலோமீட்டர் போட்டோவும் கேட்கவில்லை. ஆள் மாறிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரமே புள்ளி வைத்து மாட்டிய புது பேட் எப்படி இருக்கிறது என்று பார்க்க, பல மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனோம். பாய் உருவிக் கொடுத்தார். பேட் தடிமன் குறையாமல் இருந்தது. வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் புள்ளியை நகத்தால் சுரண்டியும் பார்த்தார்.

"இத்தன மாசம் ஆகியும் தேயலயே. வண்டி நெசமா ஓடுச்சா?"

"ஓடுச்சு" என்றேன். "ஓட்டனவனும் தெனமும் வூடு வந்து சேந்தான்."