அடுக்கத்தில் ஒரு சுமாக் கிளை

அடுக்கம் பிரிவில் கொடைக்கானல் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். மடியில் ஒரு கிளை. அரபு நாடுகளில் இறைச்சிமேல் தூவும் புளிப்புப் பொடி சுமாக் செடியின் காயிலிருந்து வருவது. அதன் நெருங்கிய உறவு ஒன்று இந்தச் சரிவில் கேட்பாரற்று வளர்கிறது. இதற்கும் அந்தப் புளிப்பு, சுமாக்குக்குச் சொல்லப்படும் மருந்துக் குணம் உண்டா என்று சோதிக்கத்தான் மூன்று நாளாக இதைச் சேகரித்தபடி அலைகிறேன். யாரோடும் நாலு வார்த்தை பேசவில்லை.

அழுத்திக் கட்டிக் காயவைப்பதற்காகக் கிளையைச் செய்தித்தாளில் விரித்து, அதற்கான அடையாளச் சீட்டை எழுதத் தொடங்குகிறேன். காற்று தாளைப் பிடுங்குகிறது. பக்கத்தில் ஜீப்புக்கு நிற்கும் தோட்டவேலைக்காரப் பெண் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஓரத்தை அழுத்திப் பிடிக்கிறார்.

"ஆடு கடிக்கிற செடிங்க இது. இதுக்குப் போயி என்ன எழுதுறீங்க?"

சீட்டில் உள்ளவற்றைச் சொல்கிறேன்: இடம், தேதி, சேகரித்தவர் பெயர், உடனிருந்தவர் பெயர். கடைசிக் கட்டத்தில் எப்போதும் ஒரு கோடுதான் போடுவேன்.

"ஏன், நான் புடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்? செல்வின்னு போடுங்க."

எழுதுகிறேன். ஜீப் வந்துவிடுகிறது.

"வெரசா கட்டுங்க, மழை வருது," என்றபடி ஏறிக்கொள்கிறார்.

சீட்டில் முதல்முறையாக இரண்டு பெயர்கள். என் பெயரை அவர் கேட்கவே இல்லை.