"பாத்து, பாத்து" என்று ஓடும் ரயில்

இந்த நேரத்தில் பதிவிடுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள்.

ஃபெரி படகின் ஹார்ன் கேட்டாலே என் மடியில் முகம் புதைப்பவள். அவள் அப்பாவின் குட்டி மாடல் ரயிலில் ஹார்ன் அடித்தாலும் அழுகைதான்.

இன்று கணவர் இன்ஜினைத் திறந்து, புதிய சவுண்ட் போர்டும் நகமளவு ஸ்பீக்கரும் பொருத்தினார். ஹார்னுக்குப் பதிலாக மகள் குரலையே பதிவு செய்தோம்.

பட்டனை அழுத்தினால், "கூ... பாத்து, பாத்து, வயர தொடாத" என்கிறது. பக்கத்தில் நின்ற என் குரலும் பதிவாகிவிட்டது.

"ரயிலுக்கும் நீதான் அம்மா லா," என்று சிரித்தார் கணவர்.

அழிக்கப் போனோம். மகள் விடவில்லை.

"அம்மா உள்ள இருக்காங்க. எனக்குப் பயமில்ல."

மாலை முழுக்க என் கவலை தண்டவாளத்தில் சுற்றிவந்தது.

அழிக்காமல் சத்தத்தை மட்டும் குறைப்பது எப்படி? தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் போடுங்கள்.